சங்குப்பூ

"என்னைத் தேடி ஒருத்தரும் வர்றதில்ல பாவா. தீவுல நானும் ஒரு நாயுந்தான் கெடக்கோம்."

சொன்னவர் கித்தேரியான். அறுபது வயது, சங்கு குளிக்கிறவர். கடலடியில் சங்கு எங்கே கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். கேட்டவர்களுக்கெல்லாம் கைநீட்டிக் காட்டினார். நாற்பது வள்ளம் அவர் பின்னால் வந்த காலம் ஒன்று இருந்தது. அவர் வீட்டில் அடுப்பு அணைந்ததே இல்லை.

பெரிய சங்கை எடுத்தார்கள். பிறகு குஞ்சுச் சங்கையும் வழித்தெடுத்தார்கள். கடல் காலியானது, அடுத்துத் தீவும் காலியானது. கடைசியாகப் போனது அவர் மகன்.

பக்கீர் பாவா அவரைவிடப் பத்து வயது இளையவர். அக்கரைத் தர்கா வாசலில் இருந்தார்.

"எனக்கு ஒரு சங்குப்பூ கொண்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

இவ்வளவுதானா என்று கித்தேரியான் வேலிக்கொடியில் நீலச் சங்குப்பூ ஒன்றைப் பறித்து வந்து நீட்டினார்.

"நான் கேட்டது கடல்ல இருக்கிறது," என்றார் பாவா.

கித்தேரியானுக்கு முகம் சுண்டிப்போயிற்று. தாய்ச்சங்கு முட்டையிடும் கூட்டையும் குளிகாரர்கள் சங்குப்பூ என்றுதான் சொல்வார்கள். ஆட்டுக்கொம்பு மாதிரி முறுக்கிக்கொண்டு மணலில் நிற்கும். அந்தக் காலத்தில் காலில் இடறும். பிடுங்கி எறிந்துவிட்டுச் சங்கை எடுப்பார். இப்போது அந்தப் பேர்கூட அவருக்கு மறந்துவிட்டிருந்தது.

பதினேழு நாள் முங்கினார். மூச்சு முன்போல் நிற்கவில்லை. எங்கு பார்த்தாலும் வெறும் மணல். கரையில் கடலைத் தவிரப் பேச ஆளில்லை.

பதினெட்டாம் நாள் ஈரத்தலையோடு பாவா முன்னால் வந்து உட்கார்ந்தார். வெறுங்கை.

"கெடைக்கலையா?"

"கெடைச்சுது. தாய்ச்சங்கும் பக்கத்துலேயே இருந்துச்சு."

"எடுக்கலையா?"

"கை வரல பாவா."

பாவா தலையாட்டினார். இதை நாலு பேரிடம் சொன்னால் போதும், அத்தனை வள்ளமும் உங்கள் வாசலுக்குத் திரும்பி வந்துவிடும் என்றார். அடுப்பு எரியும், மகனும் வருவான் என்றார்.

மகன் என்றதும் கித்தேரியான் கடலைத் திரும்பிப் பார்த்தார். அவன் வந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றுகூட இருந்தது.

"எந்தப் பக்கம் இருக்கு? எனக்கு மட்டும் சொல்லுங்க," என்றார் பாவா.

பழக்கதோஷத்தில் கித்தேரியானின் கை தானாக எழுந்தது. பாதியில் மடக்கிக்கொண்டார்.

"சொல்ல மாட்டேன் பாவா," என்றார். "உங்களுக்கும்."