மூன்று மீசை

"இந்தக் குளத்தோட இனிமே என்னால மாரடிக்க முடியாதும்மா," என்றார் குஞ்சிதபாதம்.

மீன்வளத் துறையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்று, மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். குரு செங்கமலத்தம்மாள் அவரைவிட இருபது வயது இளையவர். மடத்துக்குக் குடிதண்ணீர் அந்தக் குளம் ஒன்றுதான். அது சேறாய்க் கிடந்தது.

"யார் கலக்குறது?"

குடத்துக்குள் கிடந்த மீனைக் காட்டினார்.

"கெளுத்தியா?"

"ஐயோ, கெளுத்திக்கு ஏதும்மா செதில்? இதுக்குக் காசு அகலத்துக்குச் செதில் இருக்கு. வாயோரம் நாலு மீசை. இந்தப் பயலுக்கு மட்டும் மூணு, ஒண்ணு அறுந்துபோச்சு. சாதாக் கெண்டை. பேருதான் சாதா. வெளிநாட்டுலேர்ந்து கொண்டுவந்து விட்டது. அடிச்சேத்தைக் கிளறியே வயிறு வளர்க்கும். இன்னும் ஒரு மாசம் இப்படிப் போனா மடத்தைப் பூட்டவேண்டியதுதான்."

"என்ன செய்யப்போறீங்க?"

"கொல்லக் கூடாதுன்னு மடத்து விதி. ஓடையில விட்டுடறேன்."

"ஓடை எங்க போகுது?"

"கீழ எங்கேயோ போகுது. எனக்கு நம்ம குளம்தான் கவலை."



தினமும் விடிந்ததும் வலை, ஒரு குடம், ஓடைக்கு ஒரு நடை. இருபது நாள் ஆயிற்று. தண்ணீர் தெளிந்தபாடில்லை. இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

இருபத்தோராம் நாள் வலையில் மூன்று மீசை கிடந்தது. போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோடு.

குடத்தோடு அம்மாளிடம் ஓடினார். "இது எப்படிம்மா மேல ஏறி வரும்? எனக்குப் பைத்தியம் பிடிச்சிரும்!"

அப்போது கீழூர்க்காரி ஒருத்தி இடுப்பில் குடத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

"கும்பிடுறேன் சாமி. மீனு விடணுங்க. எங்க ஏரியில எவனோ இதை விட்டுக் கெடுத்துட்டான். தண்ணியை வாயில வைக்க முடியல. கொல்ல மனசு வரல. மடத்துக் குளத்துல விட்டா புண்ணியம்னு பின்பக்கப் படித்துறையில ஆளுக்கொரு குடமா விட்டுட்டுப் போறோம்."

குஞ்சிதபாதத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

"அறிவிருக்கா உங்களுக்கு? உங்க ஊர்ப் பீடையை அடுத்தவன் குளத்துல கொண்டாந்து கொட்டுவீங்களா? ஏரியில விட்டவன் எவன்னு பிடிச்சு நாலு சாத்துச் சாத்தாம, இங்க வந்து புண்ணியம் தேடுறீங்களா?"

அவள் மிரண்டுபோய் அவர் கையைப் பார்த்தாள்.

"உங்க குடத்துல என்னங்க சாமி?"

குஞ்சிதபாதம் அம்மாள் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க ஐயா," என்றார் அம்மாள். "அடையாளம் காட்டத்தான் உங்களுக்குத் தெரியுமே."