பதினோரு தடவை பிரித்த போர்வை

“டீச்சர், இது இந்த ஜென்மத்துல முடியாது.”

சலேத்மேரி பையை மேசைமேல் பொத்தென்று போட்டாள்.

அவளுக்கு வயது ஐம்பத்தொன்பது. அவள் டீச்சர் என்று கூப்பிட்ட ரஹ்மத்துக்கு முப்பதுகூட ஆகவில்லை. கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் பின்னால் கம்பளி நூல் கடை வைத்திருந்தாள். நூல் வாங்குகிறவர்களுக்குக் குரோஷாவும், அதாவது கொக்கி ஊசிப் பின்னலும், சொல்லிக்கொடுப்பாள்.

பேச்சு மட்டும் எண்ணித்தான் வரும். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசிவிட்டால் அன்றைக்கு என்னவோ விசேஷம் என்று அர்த்தம்.

ரஹ்மத் பையைப் பார்த்தாள்.

ஆறு வாரத்துக்கு முன்னால் சலேத்மேரி இதே இடத்தில் வந்து நின்றாள். ஒரு போர்வை போட வேண்டும், ஆனால் குரோஷா ஊசியைக் கையால் தொட்டதே இல்லை என்றாள். பச்சைக் குழந்தைகளுக்கு வாங்குகிற மெத்தென்ற நூலாகப் பார்த்துப் பொறுக்கினாள். பேரனுக்கோ பேத்திக்கோ என்று ரஹ்மத் நினைத்துக்கொண்டாள். யாருக்கு என்று கேட்கவில்லை. கேட்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

ஒரு மூலையில் தொடங்கி எதிர் மூலையில் முடிகிற பின்னலைச் சொல்லிக்கொடுத்தாள். முதல் வரிசையில் ஒரே ஒரு கட்டம். அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. வரிசை சாய்வாக நீண்டுகொண்டே போகும். பாதிப் போர்வை ஆனதும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தால், கடைசியில் மறுபடியும் ஒரே கட்டம். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இதைவிட லேசான பின்னல் கிடையாது. ஒன்று, இரண்டு எண்ணத் தெரிந்தால் போதும்.

சலேத்மேரிக்கு எண்ணத் தெரியும். போர்வைதான் பாதியைத் தாண்டவில்லை.

“எத்தனை வரிசை?” என்றாள் ரஹ்மத்.

“இருபத்தாறு.”

“போன வாரம்?”

“அப்பவும் இருபத்தாறுதான். நடுவுல பிரிச்சுட்டேன்.”

“எத்தனை தடவை?”

சலேத்மேரி தலையைக் குனிந்துகொண்டாள்.

“மொத்தமா பதினோரு தடவை.”

ரஹ்மத்துக்கே தூக்கிவாரிப் போட்டது. குரோஷாவில் பிரிப்பது ஒரு வேலையே அல்ல. ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் சரசரவென்று வந்துவிடும். ஒரு வாரம் உட்கார்ந்து போட்டது, பால் பொங்குவதற்குள் காணாமல் போய்விடும்.

ஏன் பிரித்தாள் என்று சலேத்மேரி தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். ஒரு கட்டம் கொஞ்சம் பெரிதாகிவிடுகிறதாம். இன்னொன்று இறுகிப்போகிறதாம். ஓரம் நேராக வரவில்லையாம். அதைப் பார்த்துவிட்டால் சோறு இறங்குவதில்லை, பிரித்தால்தான் மனசு ஆறுகிறது என்றாள்.

“வேகமாப் போட ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்க டீச்சர். நாள் இல்ல.”

ரஹ்மத் தன் வழக்கத்தை அன்றைக்குத்தான் மீறினாள்.

“யாருக்கு அக்கா இந்தப் போர்வை?”

அடைத்து வைத்திருந்ததெல்லாம் அப்போது வெளியே வந்தது.

போர்வை அவள் வீட்டுக்காரர் சவரியப்பனுக்கு. நாற்பது வருஷம் இந்த ஊருக்குக் கோட்டு தைத்த மாஸ்டர். ஒரு நூல் அளவு பிசகினாலும் அவருக்குத் தாங்காது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் பக்கத்து இலைக்காரனின் சட்டைக்கையைத்தான் பார்ப்பார்.

மகள் சர்ச்சில் முதல்முறை நன்மை வாங்குகிற புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைத்தபோது, கீழ் ஓரத்து லேஸை மட்டும் சலேத்மேரி ஆசைப்பட்டுத் தன் கையால் வைத்தாள். இரண்டு நாள் ஆயிற்று. மாஸ்டர் அதைத் திருப்பிப் பார்த்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும் சிரித்தார். பிளேடை எடுத்தார். லேஸை முழுக்க அறுத்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷத்தில் மிஷினில் வைத்து அடித்துக் கொடுத்தார்.

அதற்கப்புறம் முப்பத்தோரு வருஷம் அவள் ஊசியைத் தொடவில்லை. அறுந்த பட்டனைக்கூட அவரிடமே நீட்டினாள்.

இப்போது அவருக்கு வயிற்றில் கட்டி. இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கோயம்புத்தூர் டாக்டர் அனுப்பிவிட்டார். இந்த மாசம் தாண்டுவதே கஷ்டமாம். ஆள் எலும்பும் தோலுமாகக் கிடக்கிறார். கம்பளியைப் போர்த்தினால் கனம் தாங்காமல் முனகுகிறார். மெல்லிய துப்பட்டிக்கு இந்த மலைக் குளிர் அடங்குவதில்லை.

“அவரு கண்ண மூடுறதுக்குள்ள, என் கையால ஒண்ணு. அவரால குத்தம் சொல்ல முடியாதபடி ஒண்ணே ஒண்ணு. அவ்வளவுதான் டீச்சர்.”

நூல் சுற்றிக்கொண்டிருந்த ரஹ்மத்தின் கை நின்றுபோனது.

“ஆறு வாரமா குளிர்லயா படுத்திருக்காரு?”

இந்தக் கணக்கைச் சலேத்மேரி இதுவரை போட்டுப் பார்த்ததே இல்லை.

“அதான் கேக்கறேன், வேகமாப் போட வழி இருக்கா இல்லையா?” என்றாள் அழாக்குறையாக.

“இருக்கு.”

ரஹ்மத் எழுந்தாள். சலேத்மேரியின் பையைத் தன் தோளில் மாட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட மூடாத கடையின் ஷட்டரை இழுத்துவிட்டாள். வீடு எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டாள். மேட்டில் விறுவிறுவென்று ஏறத் தொடங்கினாள்.

சலேத்மேரி பின்னாலேயே ஓடினாள். மூச்சு வாங்கியது. அந்த வழியை இங்கேயே சொல்லிவிடுங்களேன் என்று கெஞ்சினாள். ரஹ்மத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வாசலுக்கு வந்ததும்தான் சலேத்மேரிக்கு விஷயம் புரிந்தது. ரஹ்மத்தின் தோளிலிருந்த பையைப் பிடித்து இழுத்தாள்.

“வேண்டாம் டீச்சர். இப்ப வேண்டாம். ஒரே ஒரு வாரம் குடுங்க. நேராக்கிடறேன்.”

ரஹ்மத் செருப்பைக் கழற்றினாள். உள்ளே போனாள்.

மாஸ்டர் துப்பட்டிக்குள் சுருண்டு நடுங்கிக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது.

ரஹ்மத் பையிலிருந்து அரைகுறைப் பின்னலை எடுத்து உதறினாள். முதல் கட்டம் இருந்த மூலையை அவருடைய இடது தோளில் வைத்து, மீதியை நெஞ்சின்மேல் இழுத்துவிட்டாள். முக்கோணம் இடுப்புவரை வந்தது. ஊசி இன்னும் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. நூல் பந்தைக் கட்டில் ஓரத்தில் வைத்தாள்.

சலேத்மேரி நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டாள். சொந்தக்காரர்கள் முன்னால் அந்தக் கவுனை விரித்த நாளில்கூட அவளுக்கு இப்படி உடம்பு சில்லிட்டதில்லை. எந்த ஊர் நியாயம் இது? கற்றுக்கொடுக்கிறவள் இப்படி வந்து மானத்தை வாங்குவாளா?

ரஹ்மத் ஸ்டூலை இழுத்துக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டாள்.

“இங்க உக்காந்து போடுங்க.”

சலேத்மேரி உட்கார்ந்தாள். நூலைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மாஸ்டருக்கு விழிப்பு வந்தது. தன்மேல் கிடப்பது என்னவென்று பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கையிலிருந்த நூலைப் பார்த்தார். துப்பட்டிக்குள்ளிருந்து அவருடைய கை வந்தது. நாற்பது வருஷம் துணியைத் தடவிய விரல்கள், பின்னலின் ஓரமாகவே மெல்ல நகர்ந்தன.

ஓரிடத்தில் நின்றன.

சலேத்மேரி அந்த விரல்களையே பார்த்தாள்.

“இங்க ஒரு கட்டம் விட்டிருக்க.”

குரல் பாதிதான் வந்தது. ஆனால் அதே குரல்தான்.

அவள் நிமிர்ந்து ரஹ்மத்தைப் பார்த்தாள். போதுமா, இதற்குத்தான் இவ்வளவு தூரம் வந்தாயா என்று பார்த்தாள். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பின்னலிலிருந்து ஊசியை உருவினாள். இழுப்பதற்காக நூலை விரலில் சுற்றினாள்.

மாஸ்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். டம்ளரைத் தூக்கக்கூடத் தெம்பில்லாத கை அது. அந்தப் பிடி அவளை நூலை இழுக்க விடவில்லை.

“பிரிச்சுடாத மேரி,” என்றார். “குளிரும்.”