வெயிலில் கிடந்த மிளகு

"இது அநியாயம் மேடம்," என்றார் இன்னாசி.

கார்குழலி ஒரு நாய்க்குக் காது துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எது சார்?"

"இந்த வருஷம் கொண்டுவந்திருக்கிற வெயில் விதி."

திண்டுக்கல்லில் சித்திரைக் கடைசியில் நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டி நடக்கும். அந்த மாதத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் அமைப்பாளர்கள் இந்த முறை சில விதிகளைச் சேர்த்திருந்தார்கள்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். நடுவர் புறங்கையைத் தரையில் வைத்துப் பார்ப்பார். வைத்திருக்க முடியாவிட்டால் அந்தத் தரையில் எந்த நாயும் நடக்காது. 'லாங் டவுன்' என்ற சோதனையில் நாய் படுத்தே கிடக்க வேண்டும், உரிமையாளர் அதன் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விட வேண்டும். அதைப் பச்சை வலைப் பந்தலின் நிழலில்தான் நடத்துவார்கள். நாய்க்குச் சூடு தாங்காது என்று தோன்றினால் உரிமையாளர் எந்த நேரமும் அதை வெளியே அழைத்துக்கொள்ளலாம். அப்படி அழைத்தால் அந்தச் சோதனைக்கு மட்டும் மதிப்பெண் கிடையாது.

இன்னாசிக்குப் பிடிக்காமல் போனது நிழல்.

"நெழல்ல எந்த நாயும் கெடக்கும் மேடம். வெயில்ல கெடக்கணும். அதுக்குப் பேருதான் கீழ்ப்படிதல்."

கார்குழலி நாயின் தலையைத் திருப்பி மற்றக் காதைப் பிடித்தார்.

இன்னாசி பள்ளிக்கூடத்தில் பி.டி. வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதினால் மைதானம் முழுக்க அடங்கும். வீட்டில் உட்கார்ந்த பிறகு ஒரு கறுப்பு லாப்ரடார் குட்டியை வாங்கினார். மிளகு என்று பெயர் வைத்தார். நத்தம் சாலையில் கார்குழலி நாய் பழக்குகிறார் என்று கேள்விப்பட்டுக் குட்டியோடு வந்து சேர்ந்தார்.

கார்குழலிக்கு அவருடைய பழைய மாணவிகளின் வயதுதான் இருக்கும். இன்னாசி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வதில் அவருக்கு வெட்கம் கிடையாது.

மிளகு எல்லாவற்றையும் கற்றது. படுப்பதை மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகக் கற்றது. 'டவுன்' என்றால் படுக்கும். 'ஸ்டே' என்றால் கல். பக்கத்தில் பூனை போகும். யாரோ புரோட்டாத் துண்டைப் போடுவார்கள். மிளகு அசையாது.

"அவன் யாருக்காகப் படுத்திருக்கான் சார்?" என்று கேட்டார் கார்குழலி.

"எனக்காக."

"நீங்க யாருக்காகப் படுக்க வைக்கிறீங்க?"

இன்னாசி யோசித்தார். கார்குழலி மேலே ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தார்.

கார்குழலி பஞ்சைத் தூரப் போட்டுவிட்டு அடுத்த நாயைக் கூப்பிட்டார்.

*

நிழலில் எல்லா நாயும் கிடக்கும் என்றால் மிளகு அதற்கு மேலே ஒரு படி போக வேண்டும். இன்னாசி அப்படித்தான் கணக்குப் போட்டார்.

சாயங்காலங்களில் மொட்டை மாடியில் மிளகைப் படுக்க வைத்தார். மனைவி ஆரோக்கியமேரியிடம் அதைக் கூப்பிடச் சொன்னார்.

"மிளகு, வாடா. பிஸ்கட்டு."

மிளகு எழுந்தது. இன்னாசி அதைத் திரும்பக் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார்.

"பாவம்ங்க," என்றார் ஆரோக்கியமேரி.

"நீ கூப்பிடு."

சில நாட்களில் ஆரோக்கியமேரி கூப்பிட்டால் மிளகு எழுவதில்லை. பிறகு இன்னாசி தானே கூப்பிட்டுப் பார்த்தார். அதற்கு எழுந்தபோதும் திரும்பப் படுக்க வைத்தார். கடைசியில் அவர் கூப்பிட்டாலும் எழாது என்று ஆயிற்று. பக்கத்தில் போய்த் தலையைத் தொட்டால்தான் எழும்.

அதைக் கார்குழலியிடம் செய்து காட்டினார்.

கார்குழலி வெகுநேரம் மிளகைப் பார்த்தார்.

"இது நான் சொல்லிக் கொடுக்கலையே சார்."

"நானே சொல்லிக் கொடுத்தேன் மேடம்."

"கூப்பிட வேண்டிய தேவை வந்தா?"

"வராது மேடம்."

கார்குழலி குனிந்து மிளகின் தாடைக்கடியில் சொறிந்துவிட்டார். மிளகு கண்ணை மூடிக்கொண்டது. வாலைக்கூட ஆட்டவில்லை.

*

போட்டி நாளன்று காலையிலேயே வெயில் சுள்ளென்று இறங்கியது.

மிளகு இன்னாசியின் காலை ஒட்டி நடந்தது. எறிந்த கட்டையை எடுத்து வந்து கையில் கொடுத்தது. தடையைத் தாண்டியது. நடுவர் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். முகத்தில் எதையும் காட்டாதவர். அவரே ஒருமுறை தலையசைத்தார். லாங் டவுன் மட்டும் பாக்கி. மிளகுதான் முன்னணியில் இருந்தது.

பச்சை வலைக்கடியில் நாய்களை வரிசையாகப் படுக்க வைத்தார்கள். மிளகுக்குக் கடைசி இடம். அதற்கு முந்தின இடம் செவலை என்ற கோம்பை நாய்க்கு. கம்பத்திலிருந்து ஈஸ்வரி என்ற தையல்காரப் பெண் அதைக் கூட்டி வந்திருந்தார். இருவருக்கும் அது முதல் போட்டி. இருவரும் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சார், உங்க நாய் எந்திரிக்காதுல்ல?" என்று கேட்டார் ஈஸ்வரி.

"ஏம்மா?"

"இது பக்கத்து நாயப் பாத்துத்தான் எல்லாம் செய்யும். அது எந்திரிச்சா இதுவும் எந்திரிச்சிரும்."

"மிளகா? நீங்க நிம்மதியாப் போங்க."

"ஸ்டே" என்று சொல்லிவிட்டு எல்லோரும் நடந்தார்கள். மைதானத்து ஓரத்தில் ஒரு தண்ணீர் லாரி நின்றது. அதன் பின்னால் போய் நின்றுகொண்டார்கள்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை.

பிறகு காற்று அடித்தது. ஏதோ அறுந்த சத்தம். வலை படபடவென்று அடித்துக்கொண்டது.

இன்னாசி குனிந்து லாரிச் சக்கரங்களுக்கு இடையே பார்த்தார்.

பந்தலின் ஒரு மூலைக் கயிறு அறுந்து வலை மேலே சுருண்டுவிட்டது. மற்ற நாய்கள் நிழலில் கிடந்தன. மிளகு மட்டும் வெயிலில் கிடந்தது.

ஒலிபெருக்கியில் நடுவரின் குரல் வந்தது.

"கயிறு கட்ட ஆள் போயிருக்கு. கடைசி நாயோட உரிமையாளர் விரும்பினா அழைச்சுக்கலாம். விதி தெரியும்ல. உங்க முடிவு."

பாதி நேரம் போய்விட்டது. இன்னும் கொஞ்சம்தான். மிளகு தாங்கும். மாடியில் இதைவிட அதிக நேரம் கிடந்திருக்கிறது. ஆனால் அது சாயங்கால வெயில்.

இன்னாசி வேலிக் கயிற்றுப் பக்கம் திரும்பினார். கார்குழலி அங்கே நின்றிருந்தார். தன்னைப் பார்ப்பார் என்று நினைத்தார். கார்குழலி மிளகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னாசி மறுபடி குனிந்தார்.

மிளகின் கறுப்பு முதுகு பளபளத்தது. நாக்கு முழுதாக வெளியே தொங்கியது. அதிலிருந்து ஒரு முழம் தள்ளி நிழல் இருந்தது. மிளகு நிழலைப் பார்க்கவில்லை. அவர் போய் மறைந்த லாரியையே பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னாசி லாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார்.

"மிளகு, வா."

மிளகின் காது அசைந்தது. எழவில்லை.

"மிளகு, வாடா."

வால் தரையில் ஒருமுறை தட்டியது. அவ்வளவுதான்.

கூட்டத்தில் சிரிப்புக் கிளம்பியது. "சாரை விட நாய் ஸ்ட்ரிக்ட்டு," என்றார் யாரோ.

இன்னாசிக்குச் சிரிப்பு வரவில்லை. வேகமாக நடந்து மிளகிடம் போனார். தலையைத் தொடக் கையை நீட்டினார்.

பக்கத்தில் செவலை மிளகையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னங்கால்களை ஊன்றி, எழுவதற்கு ஆயத்தமாக இருந்தது.

இன்னாசி கையை இழுத்துக்கொண்டார்.

மிளகைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் போய்ச் சூரியனுக்கு முதுகு காட்டி நின்றார். அவருடைய நிழல் மிளகின் தலையிலும் நெஞ்சிலும் விழுந்தது. இடுப்பு வெளியே இருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்தார். இடுப்பும் மறைந்தது.

நடுவர் தாளில் எதையோ எழுதினார். அது பூஜ்யம் என்று இன்னாசிக்குத் தெரியும்.

வியர்வை கழுத்தில் இறங்கியது. கை வலித்தது. இன்னாசி அசையவில்லை. அசைந்தால் நிழலும் அசையும்.

மிளகு தலையை நீட்டி அவருடைய ஷூவின் மேல் வைத்துக்கொண்டது. செவலை முன்னங்கால்களைத் தளர்த்திப் பழையபடி படுத்தது.

விசில் ஊதினார்கள். மற்றவர்கள் லாரிக்குப் பின்னாலிருந்து வந்தார்கள். செவலை அங்கேயே கிடப்பதைப் பார்த்து ஈஸ்வரி ஓடிவந்தார்.

இன்னாசி குனிந்து மிளகின் தலையைத் தொட்டார். மிளகு எழுந்தது.

*

மிளகுக்கு எந்தப் பரிசும் இல்லை. செவலைக்கு மூன்றாம் பரிசு.

மூவரும் புங்க மரத்தடியில் உட்கார்ந்தார்கள். நாய்களையும் சேர்த்தால் ஐவர். மிளகின் வயிற்றையும் பாதங்களையும் கார்குழலி ஈரத் துணியால் துடைத்துவிட்டார். ஈஸ்வரி பையிலிருந்து வெள்ளரிப் பிஞ்சுகளை எடுத்தார்.

"எனக்காகத்தான நின்னீங்க சார்?"

"வலை அறுந்து போச்சும்மா. அதான் நின்னேன்."

ஈஸ்வரி பெரிய பிஞ்சாகப் பார்த்து அவரிடம் கொடுத்தார். இன்னாசி கடித்தார். கோப்பை கைவிட்டுப் போன ஆள் இப்படி ருசித்துத் தின்னலாமா என்று அவருக்கே தோன்றியது. ஆனாலும் இன்னொன்று வாங்கிக்கொண்டார்.

ஈஸ்வரி பஸ் பிடிக்கப் போன பிறகு இன்னாசி கேட்டார்.

"கூப்பிட்டேன் மேடம். வரலை."

"பாத்தேன்."

"இத்தனை நாள் என்ன சொல்லிக் கொடுத்தேன் அவனுக்கு?"

"நீங்க சொல்லிக் கொடுத்ததத்தான் செஞ்சான்."

"இனிமே என்ன செய்யட்டும்?"

"கூப்பிடுங்க," என்றார் கார்குழலி.

*

இன்னாசி கூப்பிட்டார்.

மாடியில், வாசலில், தெருமுனையில். முதலில் மிளகு அவர் முகத்தைப் பார்த்தபடி கிடந்தது. இது சோதனையா என்று அதற்குத் தெரியவில்லை. தலையைத் தூக்கினாலே இன்னாசி சந்தோஷப்பட்டார். ஒருநாள் எழுந்து இரண்டடி வைத்துவிட்டு நின்றது. இன்னாசி மீதி தூரம் நடந்துபோய்க் கட்டிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் பைத்தியம்," என்றார் ஆரோக்கியமேரி.

பிறகு கூப்பிட்டால் மிளகு ஓடிவர ஆரம்பித்தது.

வைகாசியில் ஒரு காலை, இன்னாசி மிளகோடு கார்குழலியின் இடத்துக்கு வந்தார். ஓடிவருவதைச் செய்து காட்டினார். கார்குழலி தலையாட்டினார்.

"இப்பப் படுக்க வையுங்க."

இன்னாசி வேப்ப மரத்தடியில் மிளகைப் படுக்க வைத்தார். "ஸ்டே" என்று சொல்லிவிட்டுக் கார்குழலியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மிளகு கல்லைப் போலக் கிடந்தது.

"மறக்கலை மேடம்," என்றார் பெருமையாக.

இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். இந்த வருஷம் சீக்கிரம் வரும் என்றார் கார்குழலி. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றார் இன்னாசி.

பேச்சின் நடுவே மிளகு எழுந்தது.

யாரும் கூப்பிடவில்லை. யாரும் தொடவில்லை. நடந்து குழாயடிக்குப் போனது. அங்கிருந்த சிமெண்டுத் தொட்டியில் வாயை வைத்து நிதானமாகக் குடித்தது. பிறகு அதே இடத்துக்குத் திரும்பி வந்து, அதே பக்கம் தலை வைத்துப் படுத்தது. இன்னாசியைப் பார்த்தது.

இன்னாசி பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். மிளகு இதுவரை ஒருநாளும் இப்படிச் செய்ததில்லை.

"எந்திரிச்சுட்டான் மேடம்."

"ஆமா சார்."

"நான் சொல்லவே இல்லை."

"ஆமா."

"இதுக்கு நான் என்ன செய்யணும்?"

கார்குழலி எட்டித் தொட்டியைப் பார்த்தார்.

"தண்ணி அடியில கெடக்கு சார்," என்றார்.

இன்னாசி போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.