பஞ்சு மெத்தையில் போட்ட முட்டை

காட்டோரத்துக் குளக்கரையில், ஆளில்லாத கொட்டகை ஒன்றில் ஆறு கோழிகள் குடியிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மரப்பெட்டி. முட்டையிடுவதும் அடைகாப்பதும் அதில்தான்.

ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது. பெட்டிகளில் இருந்த வைக்கோல் நனைந்து பூஞ்சை பிடித்தது. கருங்கழுத்தி என்ற கோழி இட்ட மூன்று முட்டைகளும் கெட்டு நாறின. வைக்கோலைத் தள்ளிவிட்டு வெறும் பலகையில் இன்னொன்று இட்டது. அது உருண்டுபோய் மோதி உடைந்தது. அன்று முழுக்கக் கருங்கழுத்தி இரை எடுக்கவில்லை. இந்த வருஷம் குஞ்சு பார்த்தே தீருவது என்று முடிவு செய்தது. பெட்டியில் எதை விரிப்பது என்றுதான் தெரியவில்லை.

பக்கத்துப் பெட்டி மொட்டைவாலியைக் கேட்டது. மேட்டில் மரம் இழைக்கும் இடத்தில் உலர்ந்த மரச்சீவல் கொட்டிக் கிடக்கிறது, அதை அள்ளிவந்து நாலு விரல் உயரத்துக்குப் போடு என்றது மொட்டைவாலி. ஈரத்தை இழுக்குமாம். முட்டை அசையாமல் நிற்குமாம். எச்சம் பட்டால் அந்த இடத்தை மட்டும் காலால் தள்ளிவிடலாமாம். எச்சத்தைப் பற்றிப் பேசுகிறவளிடம் போய் யோசனை கேட்டோமே என்று கருங்கழுத்தி முகம் சுளித்தது. தானும் தினமும் நாலுமுறை பெட்டியிலேயே வேலையை முடிப்பது அப்போது அதற்கு ஞாபகம் வரவில்லை.

அடுத்து, குளத்தில் தண்ணீர் குடிக்க வந்த ஆட்டைக் கேட்டது. கடலைக்கொடிதான் உசத்தி என்றது ஆடு. சொல்லும்போதே அதன் வாயில் எச்சில் ஒழுகியதால் கருங்கழுத்தி நகர்ந்துவிட்டது. அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

கொட்டகைக்கு அடியில் ஒரு பெருச்சாளி வளை தோண்டி வாழ்ந்தது. அது தானாகவே வந்து குசலம் விசாரித்தது.

"உங்கள் உடம்புக்கு மரச்சீவலா, அக்கா? இலவம்பஞ்சு விரியுங்கள். கழுத்து புதைய விரியுங்கள். அரண்மனையில் அப்படித்தான்."

பெருச்சாளி பார்த்ததெல்லாம் அரண்மனைச் சாக்கடையைத்தான். ஆனால் கருங்கழுத்திக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பஞ்சைக்கூடப் பெருச்சாளியே சுமந்துவந்து நிரப்பியது.

மெத்தை பிரமாதமாக இருந்தது. மற்ற கோழிகள் முறைவைத்து வந்து எட்டிப்பார்த்தன. பஞ்சு காலில் சிக்கிக்கொண்டதால் பெட்டியைவிட்டு வெளியே வருவதற்குள் கருங்கழுத்திக்கு மூச்சு வாங்கியது. இட்ட முட்டை உள்ளே அமுங்கிக் கண்ணுக்கே தெரியாமல் போனது. தெரியாவிட்டால் என்ன, கதகதப்பாக இருக்கிறதே என்று கருங்கழுத்தி மனதைத் தேற்றிக்கொண்டது.

ஐந்து நாளில் ஐந்து முட்டை இட்டது. ஆறாம் நாள் துழாவினால் மூன்றுதான் இருந்தன. மறுநாள் ஒன்றே ஒன்று.

பதறிப்போய்ப் பெருச்சாளியிடம் சொல்லி அழுதது. பெருச்சாளி பெருமூச்சு விட்டது. அடுத்தவர்களைப் பற்றிப் பேசுவது தனக்குப் பழக்கமில்லை, ஆனால் முட்டை தின்னும் கோழிகளும் உலகத்தில் உண்டு என்று சொல்லிவிட்டு மொட்டைவாலியின் பெட்டியைப் பார்த்தது. அது போதுமாக இருந்தது.

கோழிகள் கூடின. "என் அலகைப் பாருங்கள்" என்றது மொட்டைவாலி. ஒருத்தியும் பார்க்கவில்லை. மறுநாள் பொழுது சாய்வதற்குள் அது கொட்டகையைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்மானமானது. இருட்டிவிட்டால் கொட்டகைக்கு வெளியே நரிகள் திரிந்தன. அது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் உச்சிப்பொழுது. மற்ற நாலு கோழிகளும் மேயப் போயிருந்தன. மிச்சமிருந்த ஒரே முட்டையின்மேல் கருங்கழுத்தி அடை உட்கார்ந்திருந்தது. திடீரென்று வயிற்றுக்கு அடியில் ஏதோ அசைந்தது. அதற்குள் குஞ்சு வந்துவிட்டதே என்று பூரித்துப்போனது. பிறகு அந்தக் குஞ்சின் மீசை தொடையில் குத்தியது.

கருங்கழுத்தி பஞ்சுக்குள் அலகை விட்டு ஓங்கிக் கொத்தியது. பெருச்சாளி கீச்சிட்டுக்கொண்டு மேலே வந்தது. தலையெல்லாம் பஞ்சு. வாயெல்லாம் மஞ்சள் கரு. பெட்டியின் அடிப்பலகையில், அது உள்ளே வந்து போகும் அளவுக்கு ஓட்டை.

"முட்டைக்குக் குளிருமே என்று அணைத்துக்கொண்டிருந்தேன், அக்கா" என்றது பெருச்சாளி.

மூக்கிலேயே ஆறு கொத்து விழுந்தது. பெருச்சாளி குளத்தில் குதித்து அக்கரைக்கு நீந்திப்போனது. திரும்பி வரவேயில்லை.

மொட்டைவாலி வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. கருங்கழுத்தி பஞ்சு ஒட்டிய காலை இழுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நின்றது.

"நீ தின்னவில்லை. பெருச்சாளிதான் தின்றது. நான்தான் அதற்குப் பந்தி விரித்திருக்கிறேன்."

மொட்டைவாலி அதன் காலில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தது. பிறகு, "முதலில் அந்தக் கண்றாவியைத் தூக்கி வெளியே போடு" என்றது.

இரண்டும் சேர்ந்து பஞ்சை இழுத்துப் போட்டன. ஓட்டையில் கல்லை அடைத்தன. இருட்டும்வரை மேட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்து அலகு அலகாக மரச்சீவல் கொண்டுவந்தன. நடந்ததை மற்ற நாலு கோழிகளிடமும் கருங்கழுத்தியே சொன்னது. அதுதான் அதற்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

கார்த்திகையில் கருங்கழுத்தி ஏழு முட்டைகளை அடைகாத்தது. ஆறு பொரிந்தன.

யோசனை சொல்கிறவனுக்கு அதில் என்ன ஆதாயம் என்று பார்க்காமல் அவன் பேச்சைக் கேட்டால், நம் முட்டையை நாமே அவன் வாயில் ஊட்டியதாகிவிடும்.