பத்தொன்பதாவது பேய்

ராஜா என்று ஒருத்தர் இருந்தால் கிறுக்கு என்று ஒன்று இருக்கத்தான் செய்யும். செம்மணல்கோட்டை வீரகண்ட ராஜாவுக்குப் பேய்க்கதைக் கிறுக்கு. மத்தியானம் சாப்பிட்டு ஏப்பம் விட்டதும் ஒரு கதைகாரன் எதிரே வந்து நிற்க வேண்டும். அவன் சொல்லச் சொல்ல ராஜா "உம்" கொட்டுவார். உம் கொட்ட ஆள் இல்லாவிட்டால் கதை நகராதே.

திரிலோசன பண்டிதர் வந்து சேரும்வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அந்த மனிதர் உலகத்துப் பேய்களை எல்லாம் பதினெட்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தார். தலையை விரித்துப்போட்டு மல்லிகைப்பூ வாசத்தோடு வருவது ஒரு வகை. ரத்தம் குடிப்பது இன்னொன்று. வாயில் நெருப்போடு சதுப்பில் அலைவது வேறொன்று. கதைகளையும் அவர் விடவில்லை. போகாதே என்று தடுத்த வீட்டுக்குள் போனவன் கதை, பேய் என்று தெரியாமல் தாலி கட்டினவன் கதை, தான் செத்ததே தெரியாமல் பந்தியில் வந்து உட்கார்ந்தவன் கதை என்று அதிலும் தினுசு தினுசாகக் கட்டி வைத்திருந்தார்.

"கதை கேட்டு வாய் பிளப்பது குழந்தைகள் காரியம். நான் வகை மட்டும்தான் பார்ப்பேன்" என்று சிம்மாசனத்துக்குப் பின்னால் மணை போட்டு உட்கார்ந்துகொண்டார். கதை சூடு பிடிக்கும்போது ராஜா காதில் "ஏழாம் வகை" என்று ஊதுவார். உடனே ராஜாவுக்குப் பயம் போய்க் கோபம் வந்துவிடும்.

"தெரிஞ்ச பேயைக் கொண்டுவந்து என்னையே ஏய்க்கிறியா? போ, யானைக் கொட்டாரத்தில் லத்தி அள்ளு."

அப்படி அள்ளப் போனவர்களில் பூவலிங்கமும் ஒருத்தன். ராஜாவைச் சிரிக்க வைப்பதையே உத்தியோகமாகப் பார்த்த தொந்தியப்பனுக்கு அவன் மச்சினன். சேதி கேட்டதும் தொந்தியப்பன் பெண்டாட்டி அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள்.

"என் தம்பி லத்தி அள்ளுற வரைக்கும் இந்த வீட்டில் உலை வைக்க மாட்டேன்."

தொந்தியப்பன் பேருக்கு ஏற்ற உடம்புக்காரன். அவலை மென்று பார்த்தான், கட்டுப்படியாகவில்லை. நல்லவேளையாக, பூவலிங்கம் கதை சொன்ன அன்று அவன் சிம்மாசனத்தை ஒட்டிய தூணோரம் நின்றிருந்தான். அப்போது அவன் காதில் ஒரு சங்கதி விழுந்திருந்தது. அதை வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு சபைக்குக் கிளம்பினான். வயிற்றில் இடம் நிறைய இருந்தது.

"மகாராஜா, பதினெட்டிலும் சேராத பேய் ஒண்ணு இருக்கு."

ராஜா நிமிர்ந்தார். பின்னாலிருந்து பண்டிதர் சிரித்தார். "எனக்குத் தெரியாத பேயா? சோற்றைத் தவிர உனக்கு என்ன தெரியும் தொந்தி?"

"அதுவே மறந்துபோச்சு சாமி."

"சொல்லு" என்றார் ராஜா. "நான் பயந்தால் கேட்டதைத் தருகிறேன். பயப்படாவிட்டால் மச்சினனோடு சேர்ந்து நீயும் அள்ளு. உன் உடம்புக்கும் நல்லது."

தொந்தியப்பன் ஆரம்பித்தான்.

"ஒரு ஊர்ல ஒரு பாழ்மண்டபம் மகாராஜா."

"உம்."

"மழைக்கு ஒரு வழிப்போக்கன் அதுல ஒதுங்கினான்."

"உம்."

"மூன்றாம் வகை" என்று பண்டிதர் ஊதினார்.

"பூவும் இல்லை, பொம்பளையும் இல்லை சாமி."

"அப்படியென்றால் ஒன்பது."

"ரத்தமும் இல்லை."

பண்டிதர் மணையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"தனியா இருந்தவனுக்கு உதறல். தைரியத்துக்குத் தனக்குத்தானே ஒரு கதை சொல்லிக்கிட்டான். ஒரு ஊர்ல ஒரு ராஜான்னான். தூணுக்குப் பின்னால 'உம்'னு ஒரு சத்தம்."

"உம்" என்ற ராஜா, சொல்லிவிட்டுக் கொஞ்சம் நெளிந்தார்.

"எட்டிப் பார்த்தான். ஆள் இல்லை. அந்தப் பேய்க்குப் பல் கிடையாது, நகம் கிடையாது மகாராஜா. மரத்துல தொங்காது. கதைக்குள்ளே வரவே வராது. கதை கேக்குற கூட்டத்துல வந்து உட்காரும். கூடவே உம் கொட்டும். கதை நிக்கிறப்போ கடைசியா எவர் உம் கொட்டினாரோ, அவர் தோள்ல ஏறிக்கும்."

ராஜாவின் தொண்டைவரை வந்த உம் அங்கேயே நின்றுவிட்டது. மந்திரி உதட்டைக் கடித்துக்கொண்டார். சாமரக்காரன் வீசுவதை நிறுத்திவிட்டான்.

தொந்தியப்பன் குரலை இறக்கினான். "கதையை நிறுத்தப் பயந்து அவன் சொல்லிக்கிட்டே போனான். நாக்கு வறண்டுது. குரல் கம்மிப் போச்சு. கடைசியில..."

நிறுத்திவிட்டான்.

ராஜாவின் காதோரம், முதுகுக்குப் பின்னால், மெதுவாக ஒரு "உம்."

ராஜா துள்ளின துள்ளலில் கிரீடம் ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். பார்த்தால், வெற்றிலைத்தட்டுக்காரன் இடுப்பில் கைக்குழந்தை மாதிரி ஏறி உட்கார்ந்திருக்கிறார்.

"யாரது அங்கே? யாராவது பாருங்களேன்."

சாமரக்காரன்தான் எட்டிப் பார்த்தான். மணையில் திரிலோசன பண்டிதர், கன்னத்தில் இரண்டு கையையும் கொடுத்து, வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். கண் எங்கேயோ பாழ்மண்டபத்தில் இருந்தது.

"உம். அப்புறம்?" என்றார்.

"பூவலிங்கம் கதைக்கும் இப்படித்தான் உம் கொட்டினார் மகாராஜா. வகை சொல்லவே மறந்துட்டு, கதை முடியப் போறப்பத்தான் முழிச்சிக்கிட்டார்" என்று சொல்லிவிட்டு, தொந்தியப்பன் பண்டிதர் பக்கம் திரும்பினான். "சாமி, மகாராஜாவை இடுப்புல ஏத்தினது உங்க உம்தான். நீங்க எத்தனையாம் வகை? பதினெட்டுக்குள்ளன்னா நீங்க பேய். இல்லைன்னா பத்தொன்பதாவது ஒண்ணு இருக்கு, நான் ஜெயிச்சேன்."

பண்டிதர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தன்மேல் வைத்துப் பார்த்தார் போலிருக்கிறது. "பத்தொன்பது என்றே வைத்துக்கொள்ளலாம்" என்று முனகினார்.

ராஜா சிரித்த சிரிப்பில் வெற்றிலைத்தட்டுக்காரன் தள்ளாடினான். "முதல்ல என்னைக் கீழே இறக்குடா. தொந்தி, என்ன வேணும் கேள்."

"கதைகாரங்க எல்லாரையும் விட்டுருங்க மகாராஜா. என் மச்சினனை மட்டும் நல்லாக் குளிப்பாட்டி அனுப்புங்க. இன்னிக்கு வீட்டில் சமையல்."

"பண்டிதரை என்ன செய்ய? லத்தி அள்ள அனுப்பவா?"

"வேண்டாம் மகாராஜா. இப்படி உசிரைக் கொடுத்து உம் கொட்டுற ஆள் வேற கிடைக்க மாட்டார்."

ராஜா கிரீடத்தைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். உட்காரும் முன் சிம்மாசனத்துக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும். ஆனால் அந்த மணையை மட்டும் இனிமே எனக்கு முன்னால் போடுங்க."