மரக்கிளிக்குத் தெரியாதது

நாணற்குளத்துக் காட்டில் ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மேலே ஏறுகிறவர், அடுத்து இறங்குகிறவருக்குக் குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"கரடியக்கா, இறங்குங்க, பயமில்லை!"

"மிளா மாமா, கொஞ்சம் பொறுங்க, புலி வாடை அடிக்குது!"

விடிந்தால் போதும், ஒரே கூச்சல்தான். ஆனாலும் அந்தக் கூச்சலில் என்ன ஒரு சுகம்! ஒருவர் உயிரை இன்னொருவர் பார்த்துக்கொண்ட காலம் அது. நினைத்தால் இன்றைக்கும் மனசு ஏங்குகிறது.

அந்தக் காட்டில் மரங்கொத்தி ஒரு மரக்கிளி செய்தது. வெறும் பொம்மை இல்லை. காதில் விழுவதைக் கற்றுக்கொண்டு பதில் சொல்லும் கிளி! புலி, சிறுத்தை, செந்நாய் வந்தால் குரங்குகள் போடும் சத்தத்தையெல்லாம் கேட்கவைத்துப் பழக்கியது. "குளத்துக்குப் போகலாமா?" என்று கேட்டால், "போகலாம்!" அல்லது "போகாதே!" என்று கிளி சொல்லும்.

கிளியை விற்கிற வியாபாரத்தை நரி பார்த்துக்கொண்டது.

"நரியண்ணே, இன்னும் ஒரு மழைக்காலம் பழக்கணும். புரியாதது வந்தா 'தெரியாது'ன்னு சொல்லவும் கத்துக்கொடுக்கணும்" என்றது மரங்கொத்தி.

"கெடுத்தே போ! தெரியாதுன்னு சொல்ற கிளியை எவன் வாங்குவான்? பக்கத்துக் காட்டுல கேட்டுக்கிட்டே இருக்காங்க!" என்றது நரி.

மரங்கொத்திக்கு மனசில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டது. நாலு பேர் புகழ வேண்டும் என்ற ஆசை யாரை விட்டது!

கிளி குளக்கரைக்கு வந்து, ஒரு மரக்கிளையில் ஏறியது. எல்லோருக்கும் சௌகரியம்! குடித்தவர்கள் பேசாமல் ஏறிப் போனார்கள். வந்தவர்கள் கிளியைக் கேட்டு இறங்கினார்கள். குளக்கரையில் பேச்சுமூச்சே இல்லை. 'மாமா' என்று யாராவது கூப்பிட மாட்டார்களா என்று மிளா மானுக்குத்தான் ஏக்கமாக இருக்கும்.

அந்த வருஷ வெள்ளத்தில் ஆற்று முதலை ஒன்று குளத்துக்குள் வந்துவிட்டது. கரையேறிய மிளா அதைப் பார்த்தது. பார்த்து என்ன பயன்? 'அதான் கிளி இருக்கே, சொல்லிக்கும்' என்று தன் பாட்டுக்குப் போய்விட்டது.

பின்னாலேயே சருகுமான் தன் ஒரே குட்டியோடு வந்தது. "கிளியே, போகலாமா?"

புலிச் சத்தம் இல்லை, சிறுத்தைச் சத்தம் இல்லை. "போகலாம்!" என்றது கிளி.

குட்டி துள்ளி ஓடித் தண்ணீரில் வாய் வைத்தது. கிளையில் இருந்த மரங்கொத்தி, தண்ணீர் அசைவதைக் கண்டு பதறியது.

"ஐயோ, முதலை! இழும்மா குட்டியை! என் கிளிக்கு முதலையைத் தெரியாது!"

தாய் பாய்ந்து இழுத்தது. குட்டி பிழைத்தது. ஆனால் ஒரு முன்னங்கால் முதலை வாயோடு போயிற்று.

"தெரியாதுன்னு இப்போ கத்துறீங்களே அண்ணே, இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று சருகுமான் கதறியது.

மரங்கொத்தியால் தலைநிமிர முடியவில்லை. போய்க் கிளியைக் கீழே இறக்கியது.

நரி ஓடி வந்தது. "என்ன காரியம் பண்றே! பக்கத்துக் காட்டுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன்! அங்கே முதலையே கிடையாது!"

"அங்கே என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, கிளிக்கும் தெரியாது. ஆனா அங்கேயும் குட்டிங்க இருக்கு" என்றது மரங்கொத்தி.

தான் செய்த பொருளுக்கு என்ன தெரியும் என்று பெருமை பேசுமுன், அதற்கு என்ன தெரியாது என்பதை ஊருக்குச் சொல்வதே செய்தவன் கடமை.