அண்ணாச்சி உட்காருவதற்குள்

விருதுநகரில் தனுஷ்கோடி அண்ணாச்சிக்குக் கல்யாண மண்டபம் பெரிசு, வாய் அதைவிடப் பெரிசு. அவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய டிஸ்கைக் கழற்றி, வேகமாகத் திறக்கும் புது எஸ்எஸ்டி மாட்டி முடித்தாள் மெக்கானிக் காளீஸ்வரி.

"ஆன் பண்ணினதும் ஜாதகம், பஞ்சாங்கம், பாட்டு, சீட்டாட்டம்னு எல்லாம் தானா வந்து நிக்குது அண்ணாச்சி. நிறுத்தினாத்தான் முழு வேகம் தெரியும்."

"ஒண்ணையும் தொடாதே! நான் உட்காருறதுக்குள்ள திறக்கணும். இல்லே, நீ டுபாக்கூர்னு பஜார் பூரா சொல்லுவேன்."

காளீஸ்வரிக்குச் சுர்ரென்றது. கடை திறந்தே ஒரு மாசம்தான். ஆனால் அவர் உட்காரும் அழகைக் காலையிலேயே பார்த்திருந்தாள்.

"சரி. எப்பவும் போலத்தான் உட்காரணும்."

"பின்னே தலைகீழாவா உட்காருவேன்?"

சுவிட்சைப் போட்டாள். அண்ணாச்சி நாற்காலியை நெருங்கினார். மச்சினன் ஓடிவந்து துண்டால் தூசி தட்டினான். சமையல்காரர் மெத்தை வைத்தார். டிரைவர் ஃபேனைத் திருப்பினார். கணக்குப்பிள்ளை, "கிழக்கே பார்த்து உட்காருங்க" என்று நாற்காலியையே திருப்பினார். அதற்குள் கம்ப்யூட்டர் மூச்சுவாங்கியபடி திறந்துவிட்டது.

"இது போங்கு! நாலு தடியனுங்க குறுக்கே நின்னா நான் எப்படி உட்கார?"

"அதையேதான் கம்ப்யூட்டரும் கேக்குது அண்ணாச்சி."

முதலில் சிரித்தது மச்சினன்தான். அவர் முறைத்ததும் துண்டோடு நழுவினான்.

அண்ணாச்சி குரலை இறக்கினார். "எல்லாத்தையும் நிறுத்திரு பிள்ள. சீட்டாட்டம் மட்டும் இருக்கட்டுமே?"

"கூப்பிட்டா வரும் அண்ணாச்சி. வாசல்லயே நிக்க வேண்டாம்."